உணவூட்டும் ரோபோக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையை அசைக்க இயலாதவர்கள் தாமே உண்ண உதவும் ரோபோக்களைப் பற்றிப் பேச்செடுத்தால், குடும்பத்தினர், பராமரிப்பவர்கள், பொறியியல் மாணவர்கள் என்று யாராக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. பின்னால் வரும் சிலவற்றுக்கு முன்னுள்ள பதில்களைப் படித்திருப்பது நல்லது.

1. உணவூட்டும் ரோபோ என்றால் மனித உருவத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுமா?

மனித உருவத்துக்கு இங்கே வேலை இல்லை. இன்றுள்ளவை பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கும். ஒன்று, சாப்பாட்டு மேசைமேல் வைக்கும் சிறு கருவி. பல குழிகள் கொண்ட தட்டு, அதையொட்டி ஒரு குட்டையான கை, அதன் நுனியில் கரண்டி என்பதே அதன் அமைப்பு. எந்தக் குழியிலிருந்து வேண்டும் என்பதை உண்பவர் தெரிவித்ததும், கரண்டி அங்கே இறங்கி, உணவை அள்ளி, அவருக்கென்று முன்கூட்டியே அமைத்துவைத்த உயரத்துக்கு வந்து நிற்கும். அவர் தலையைச் சற்று முன்னால் நீட்டி வாயில் வாங்கிக்கொள்வார்.

மற்றொன்று, சக்கர நாற்காலியின் பக்கவாட்டில் பொருத்தப்படும் முழு நீள ரோபோக் கை. அது ஊட்டுவதற்கென்றே செய்யப்பட்டதன்று. கதவைத் திறப்பது, கீழே விழுந்த பொருளை எடுப்பது, குவளையைப் பிடிப்பது போன்ற பல வேலைகளுக்கானது. அதனுடன் கேமராவையும் விசை உணரியையும் உணவை அடையாளம் காணும் மென்பொருளையும் சேர்த்தால் ஊட்டவும் செய்யும். வாங்கக் கிடைப்பவை பெரும்பாலும் முதல் வகை. ஆய்வகங்கள் இப்போது பெரிதும் உழைப்பது இரண்டாம் வகையில்.

2. கை வராத எல்லாருக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் காயமுற்றவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பு நோய் உள்ளவர்கள், பெருமூளை வாதத்துடன் பிறந்தவர்கள் ஆகியோரில் பலருக்கு இது பயன்படக்கூடும். ஆனால் நோயின் பெயரைவிட முக்கியமானவை மூன்று திறன்கள்: தலையை ஓரளவு நிலையாக வைத்திருக்க முடிய வேண்டும், மென்று பாதுகாப்பாக விழுங்க முடிய வேண்டும், ஏதேனும் ஒரு சைகையைத் தவறாமல் தர முடிய வேண்டும்.

தண்டுவடக் காயத்தையே எடுத்துக்கொண்டால், கழுத்தின் நான்காம் நரம்பு மட்டத்தில் முழுமையாகக் காயமுற்றவருக்குத் தோளை உயர்த்த முடியும்; கை வராது. அவருக்கு ரோபோ பெரும் உதவி. ஒரு மட்டம் கீழே, ஐந்தாவதில் காயமுற்றவருக்கு முழங்கையை மடக்கும் வலிமை மிஞ்சியிருக்கும். கையைத் தாங்கும் ஓர் அமைப்பும், உள்ளங்கைப் பட்டையில் செருகிய கரண்டியும் பெரும்பாலும் அவருக்குப் போதும். எளிய கருவி போதுமான இடத்தில் ரோபோவைப் பரிந்துரைப்பது எனக்கு உடன்பாடில்லை. தசைக்கு மிஞ்சியிருக்கும் கொஞ்ச வேலையையும் அது பறித்துவிடும்.

3. அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, கரண்டியில் இருப்பதெல்லாம் சிந்துகிறது. அவருக்கு ரோபோ வாங்கலாமா?

முதலில் நடுக்கத்தை ஈடுசெய்யும் கரண்டியை முயன்று பாருங்கள். அதன் கைப்பிடியில் உள்ள உணரி நடுக்கத்தை அளக்க, சிறு மோட்டார்கள் கரண்டியின் தலைப்பகுதியை எதிர்த்திசையில் அசைத்து நிலைப்படுத்தும். அவர் தம் கையாலேயே உண்பார். நடுக்கம் மிகக் கடுமையாக இருந்தாலோ, கையை உயர்த்தவே முடியாமற்போனாலோ ரோபோவைப் பற்றி யோசிக்கலாம். செயல்முறை சிகிச்சையாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்வதே சரியான வழி.

4. ஊட்டிவிட வீட்டில் ஆள் இருக்கும்போது இயந்திரம் எதற்கு? அன்பாக ஊட்டுவதற்கு இது ஈடாகுமா?

மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதில் உள்ள அன்பை நான் மதிக்கிறேன். ஆயினும் ஊட்டப்படுபவரின் பக்கம் உட்கார்ந்து இதைப் பார்க்க வேண்டும். அடுத்த கவளம் எப்போது, எவ்வளவு, எதிலிருந்து என்பதையெல்லாம் இன்னொருவர் முடிவு செய்கிறார். ஊட்டுபவர் களைத்திருப்பார், தம் சாப்பாடு ஆறுவதை நினைத்துக்கொண்டிருப்பார், வாயில் இருப்பதை மென்று முடிக்குமுன் அடுத்த கரண்டி வந்து காத்திருக்கும். அதைப் பார்த்ததும் உண்பவர் அவசரப்படுவார். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, பசி தீருமுன்பே போதும் என்று சொல்லிவிடுவதும் உண்டு.

ரோபோ இதில் மாற்றுவது ஒன்றைத்தான்: கவளத்தின் நேரமும் அளவும் வரிசையும் உண்பவர் வசம் திரும்புகின்றன. பராமரிப்பவர் தேவைப்படாமல் போவதில்லை. உணவைச் சமைக்கவும், துண்டுகளாக நறுக்கித் தட்டில் வைக்கவும், கருவியைப் பொருத்தவும், பிறகு கழுவவும் ஒருவர் வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் அவரும் அதே மேசையில் உட்கார்ந்து தம் உணவைச் சூடாக உண்ணலாம். சில நாள் ரோபோ, சில நாள் அம்மாவின் கை என்று இருப்பதிலும் தவறில்லை. எது என்பதை உண்பவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

5. இதெல்லாம் இப்போது செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு தொடங்கியதுதானே?

இல்லை. பிரிட்டனின் கீல் பல்கலைக்கழகத்தில் மைக் டாப்பிங் 1987இல் உருவாக்கிய 'ஹேண்டி 1', பெருமூளை வாதம் கொண்ட 11 வயதுச் சிறுவன் ஒருவன் தானே உண்பதற்காகச் செய்யப்பட்டது. ஜப்பானின் செகாம் நிறுவனம் 2002இல் 'மை ஸ்பூன்' கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்வீடனில் உருவான 'பெஸ்டிக்', போலியோவால் கைவலிமை இழந்த ஸ்டென் ஹெமிங்சன் தம் தேவையை எண்ணிப் பார்த்ததிலிருந்தே பிறந்தது. அமெரிக்காவின் 'ஓபி' 2016இல் வந்தது. ஆய்வகங்களில் அதிகம் காணப்படும் சக்கர நாற்காலிக் கையான 'ஜாக்கோ', கனடாவின் கினோவா நிறுவனத்துடையது. அந்நிறுவனரின் குடும்பத்தில் தசைச்சிதைவு நோயுடன் வாழ்ந்த, தமக்கென்று ஓர் இயந்திரக் கையைத் தாமே செய்துகொண்ட ஜாக் என்பவரின் பெயரையே அது தாங்கியிருக்கிறது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது, பல கருவிகளின் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட மனிதரோ குடும்பமோ இருந்திருப்பது. செயற்கை நுண்ணறிவு புதிதாகத் தந்திருப்பது, குழிகள் கொண்ட தனித் தட்டு இல்லாமல் சாதாரணத் தட்டில் உள்ள உணவைப் பார்த்து அறியும் ஆற்றலை.

6. கையே அசையாதவர் ரோபோவிடம் எப்படிச் சொல்வார்?

உடலில் எந்த அசைவு நம்பகமாக இருக்கிறதோ அதுவே கட்டளையாகிறது. கன்னத்தாலோ காலாலோ அழுத்தும் சுவிட்ச், தாடையால் நகர்த்தும் ஜாய்ஸ்டிக், உறிஞ்சியும் ஊதியும் இயக்கும் குழாய், கண் பார்வையைப் பின்தொடரும் திரை, குரல் என்று பல வழிகள் உண்டு. ஒரே ஒரு சுவிட்ச் மட்டும் வைத்திருப்பவருக்கு, குழிகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்கொண்டே வந்து, வேண்டியது வரும்போது அழுத்தச் செய்யும் முறை உதவும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உண்ணும்போது வாயும் தாடையும் தலையும் வேறு வேலையில் இருக்கும். வாய் நிறைய உணவோடு குரல் கட்டளை தர முடியாது. மெல்லும்போது தாடை ஜாய்ஸ்டிக்கைத் தட்டும். சாதாரண நேரத்தில் நன்றாகப் பயன்படும் ஒரு வழி, சாப்பாட்டு நேரத்தில் பயனற்றுப் போகலாம். ஆகவே மென்றுகொண்டிருக்கும் நிலையிலேயே அதைச் சோதிக்க வேண்டும்.

7. தட்டிலிருந்து ஒரு துண்டை எடுப்பதில் அப்படி என்ன பெரிய சிரமம்?

தொழிற்சாலை ரோபோ கையாளும் பொருள்கள் கடினமானவை, ஒரே வடிவம் கொண்டவை. உணவு அப்படி இருப்பதில்லை. திராட்சையை முள்கரண்டியால் செங்குத்தாகக் குத்தினால் தோல் வழுக்கி உருண்டோடும். தட்டின் விளிம்பு தடுத்தால் குத்துப்படும், தடுக்காவிட்டால் மேசைக்கே போய்விடும். பழுத்த வாழைப்பழத் துண்டு எளிதாகக் குத்துப்படும், ஆனால் தூக்கும்போது தன் எடையாலேயே முள்ளிலிருந்து மெல்ல நழுவி விழும். அதைச் சற்றுச் சாய்வாகக் குத்தித் தூக்க வேண்டும். பச்சைக் கேரட்டுக்கு நல்ல அழுத்தம் வேண்டும். அதே அழுத்தத்தை வெந்த உருளைக்கிழங்கின்மேல் காட்டினால் அது உடைந்து சிதறும். கேமராவுக்குப் பச்சைக் கேரட்டும் வெந்த கேரட்டும் ஏறக்குறைய ஒன்றே. முள் தொட்ட பிறகு விசை உணரியில் தெரியும் எதிர்ப்புதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சித்தார்த்த ஸ்ரீனிவாசாவின் ஆய்வுக் குழு இதை முறையாக ஆராய்ந்தது. முள்கரண்டி உணவை அணுகும் கோணம் மூன்று, அதைத் திருப்பும் நிலை இரண்டு என்று ஆறு வழிகளை வகுத்து, எந்தத் துண்டுக்கு எந்த வழி ஏற்றது என்பதைப் படத்தைப் பார்த்துக் கணிக்கும் செயற்கை நரம்பு வலைப்பின்னலை, அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி நிரலை, உருவாக்கினார்கள். அவர்கள் பணியிலிருந்து நான் மிக முக்கியமாகக் கருதும் பாடம் வேறொன்று: எப்படி எடுக்கிறோம் என்பதை எப்படிக் கொடுக்கப்போகிறோம் என்பதோடு சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும். நீளமான கேரட் குச்சியை நடுவில் குத்தினால் அது வாய்க்குக் குறுக்கே வந்து நிற்கும், கடிக்க முடியாது. ஒரு முனையில் குத்தினால் மறுமுனை உதடுகளுக்கு இடையே வரும், இரும்பு முள் வாயை நெருங்கவே தேவையில்லை.

பட்டாணி, நூடுல்ஸ், குழம்பில் மிதக்கும் துண்டுகள், ஒன்றோடொன்று கலந்த உணவு ஆகியவை இன்னும் கடினம். ஒரே கருவி எல்லாவற்றையும் எடுக்கும் என்று யாரேனும் உறுதியளித்தால், அன்றாடம் நீங்கள் உண்ணும் தட்டை அப்படியே முன்னால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

8. கரண்டியை வாய்க்குள்ளேயே வைத்துவிடுமா? பல்லில் இடித்தால், தொண்டையில் குத்தினால்?

பெரும்பாலான கருவிகள் உதட்டுக்குச் சற்று முன்னால் நின்றுவிடுகின்றன. கடைசிச் சில சென்டிமீட்டர் உண்பவருடையது: அவர் முன்னால் சாய்ந்தால் உணவு கிடைக்கும், சாயாவிட்டால் கரண்டி அங்கேயே காத்திருக்கும். கழுத்தை அசைக்க முடிந்தவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. வேகம் குறைவாக இருக்க வேண்டும், கரண்டி நேர் எதிரே கண்களை நோக்கி வராமல் சற்றுக் கீழிருந்து வர வேண்டும், நுனி முகத்தருகே வந்தபின் திடீர் அசைவு எதுவும் கூடாது.

முன்னால் சாய முடியாதவர்களுக்கு வாயினுள்ளே வைத்தாக வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தபோமயூக் பட்டாச்சார்ஜியின் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. கரண்டி மறைத்தாலும் வாயைத் தொடர்ந்து கவனிக்கும் இரண்டு கேமராக்களையும், கரண்டிமேல் படும் விசை எதனால் வந்தது என்று பிரித்தறியும் கட்டுப்பாட்டையும் அவர்கள் இணைத்தார்கள். நாக்கு தள்ளுவதும், பல் கடிப்பதும், தசை திடீரென இழுத்துக்கொள்வதும் வெவ்வேறு. ஒவ்வொன்றுக்கும் ரோபோ வெவ்வேறாக நடந்துகொள்ள வேண்டும். கடிக்கும்போது அசையாமல் நிற்க வேண்டும், நாக்கு தள்ளும்போது இணங்க வேண்டும், தசை இழுக்கும்போது தலையோடு சேர்ந்து விலக வேண்டும். உடல்நிலையால் பலவகைப்பட்ட 13 பேரிடம் இது சோதிக்கப்பட்டது.

பெருமூளை வாதம் உள்ள சிலருக்குக் கரண்டி பட்டவுடன் தாடை தானாக இறுக மூடிக்கொள்ளும். அப்போது கரண்டியை வெளியே இழுக்கவே கூடாது, பல் உடையும். இறுக்கம் தளரும்வரை ரோபோ விசையின்றி நிற்க வேண்டும். இத்தகையவர்களுக்கு உலோகக் கரண்டியையும் உடையும் பிளாஸ்டிக்கையும் தவிர்த்து, சிலிக்கோன் போன்ற மென்மையான பொருளால் ஆன கரண்டியைப் பயன்படுத்த வேண்டும்.

9. மென்பொருள் சிக்கிக்கொண்டால் யார் நிறுத்துவது? அவரால்தான் கையை அசைக்க முடியாதே!

இந்தக் கேள்வியை வடிவமைப்பாளர்கள் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும். நிறுத்தும் பொத்தானைக் கருவியின் முதுகில் வைத்துவிட்டுப் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. நிறுத்தும் சைகை உண்பவர் வசம் இருக்க வேண்டும். அது அவர் மற்றக் கட்டளைகளுக்குப் பயன்படுத்தும் வழியை நம்பாமல் தனியாக, கம்பி வழியே நேரடியாக, மென்பொருள் முடங்கினாலும் வேலை செய்வதாக இருக்க வேண்டும். அந்தக் கம்பி அறுந்துவிட்டால் ரோபோ தொடர்ந்து இயங்காமல் தானே நிற்க வேண்டும்.

அதற்கும் அடியில் இயந்திர அமைப்பே காவலாக இருப்பது நல்லது. மோட்டார்களின் வலிமையைத் தேவைக்குமேல் வைக்காமலிருத்தல், குறிப்பிட்ட விசைக்குமேல் இழுபட்டால் காந்தப் பிடியிலிருந்து கரண்டி கழன்றுவிடுதல், மின்சாரம் நின்றால் கை முகத்தின்மேல் சரியாமல் இருத்தல் ஆகியவை கணினியை நம்பியிருப்பவை அல்ல. தொழிற்சாலையில் மனிதரோடு சேர்ந்து இயங்கும் ரோபோக்களுக்கான 2016ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. வழிகாட்டுதல், முகத்தைத் தொடர்பே கூடாத பகுதியாகக் கருதுகிறது. ஊட்டும் ரோபோவின் வேலையே முகத்தில். எனவே அங்கிருந்து எண்களை எடுத்து இங்கே ஒட்ட முடியாது. தனிப்பட்ட பராமரிப்பு ரோபோக்களுக்கான ஐ.எஸ்.ஓ. 13482 தரநிலை 2014இல் வந்தது. தொடங்குபவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

10. புரையேறிவிட்டால் என்ன செய்யும்?

எதுவும் செய்யாது. ஆகவேதான் விழுங்குவதில் சிரமம் உள்ளவர் தனியாக ரோபோவுடன் உண்ணக் கூடாது. முதலில் விழுங்கும் திறனைச் சிகிச்சையாளர் சோதித்து, உணவின் பதத்தைத் தீர்மானிக்க வேண்டும். இதற்காக 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் கொண்ட பன்னாட்டு அளவுகோல் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. மெல்லிய நீர்மம் 0, வழக்கமான உணவு 7. நிமிர்ந்து உட்கார்தல், சிறு கவளம், விழுங்கிய பிறகே அடுத்தது என்ற ஒழுங்கு ரோபோவுக்கும் பொருந்தும்.

வடிவமைப்பில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கரண்டி நிற்கும் இடத்தை உயரமாக அமைத்தால் உண்பவர் முகத்தை மேலே தூக்க வேண்டியிருக்கும், பலருக்கு அந்த நிலையில் புரையேறும் வாய்ப்பு கூடும். சற்றுத் தாழ்வாக வைத்தால் தாடை இயல்பாகக் கீழே வரும். பார்ப்பதற்கு அற்பமான இந்த உயர மாற்றத்தை ஒவ்வொரு முறை உட்காரும்போதும் சரிபார்க்க வேண்டும்.

11. எல்லாவற்றையும் ரோபோவே தானாகச் செய்துவிட்டால் இன்னும் வசதிதானே?

அப்படித் தோன்றும். அடுத்த கவளத்தை ரோபோவே தேர்ந்தெடுத்து, மென்று முடித்ததைக் கண்டறிந்து, தானே கொண்டுவந்து நீட்டினால், 4ஆம் கேள்வியில் சொன்ன அவசரப்படுத்தும் பராமரிப்பவரை நாமே இயந்திரமாகச் செய்து வைத்தவர்கள் ஆவோம். 2020இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முழுத் தானியக்கம் எப்போதும் மேலானதா என்ற இதே கேள்வியை நடமாட்டக் குறைபாடு உள்ளவர்களிடமே எடுத்துச் சென்று ஆராய்ந்தார்கள்.

என் கருத்து இது. துண்டை எந்தக் கோணத்தில் குத்துவது, எவ்வளவு அழுத்துவது என்பவற்றை ரோபோவிடம் விடலாம். அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்தச் சொன்னால் உண்பவர் களைத்துப்போவார், உணவும் ஆறிவிடும். எதை உண்பது, எப்போது உண்பது, எப்போது நிறுத்துவது என்பவை அவருடையவை. ஆனால் மாலையில் சோர்ந்திருப்பவர், இன்று நீயே வரிசையாகக் கொடு என்று ஒப்படைக்க விரும்பலாம். அந்த ஒப்படைப்பும் அவர் எடுக்கும் முடிவு. எந்த நொடியிலும் திரும்பப் பெறக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

12. நாலு பேர் முன்னால் இதை வைத்துக்கொண்டு சாப்பிடக் கூச்சமாக இருக்காதா?

சிலருக்கு இருக்கிறது. மோட்டாரின் இரைச்சல் பேச்சை வெட்டும், குரல் கட்டளை உரையாடலில் குறுக்கிடும், பெரிய கை எதிரில் இருப்பவரின் முகத்தை மறைக்கும். உண்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்டி வாயருகே வந்து நின்றால் பேச்சு அறுந்துபோகும். அதனால் கை ஓய்வு நிலையில் பக்கவாட்டில் தாழ்ந்து நிற்பது, ஓசையில்லாக் கட்டளை வழி வைத்திருப்பது, பேச்சு நடக்கும்போது கரண்டி தொலைவிலேயே காத்திருப்பது ஆகியவற்றை வடிவமைப்பிலேயே சேர்க்க வேண்டும். உடன் உண்பவர்களின் பேச்சையும் பார்வையையும் கொண்டு கவளத்துக்கு ஏற்ற தருணத்தைக் கணிக்கும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஒருவர் ஊட்டிவிட, நாலு பேர் முன்னால் உண்பதைவிட ரோபோவுடன் உண்பதே தமக்கு எளிது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

13. மூளையில் நினைத்தாலே ரோபோ ஊட்டிவிடும் என்று படித்தேனே, உண்மையா?

ஆய்வு நிலையில் உண்மை. 2012இல் வெளியான பிரெய்ன்கேட் ஆய்வில், கை கால்கள் செயலிழந்த பெண்மணி ஒருவர் மூளையில் பொருத்திய மின்வாய்களின் வழியே ரோபோக் கையை இயக்கிக் காபி குடித்தார். 2022இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களின் முயற்சியில், பகுதியளவு செயலிழப்பு உள்ள ஒருவர் இரண்டு ரோபோக் கைகளில் கத்தியும் முள்கரண்டியும் கொண்டு இனிப்பை வெட்டி உண்டார். பெரும் பகுதியை ரோபோ பார்த்துக்கொள்ள, தேவையான இடங்களில் மட்டும் அவர் இயக்கினார். அறுவைச் சிகிச்சை தேவைப்படும் இவ்வழி, 6ஆம் பதிலில் உள்ள சுவிட்சுகளுக்கு மாற்றாக இன்னும் வீடுகளுக்கு வரவில்லை.

14. ஆய்வகத்தில் அருமையாக வேலை செய்த கருவி வீட்டுக்கு வந்தால் ஏன் மூலையில் கிடக்கிறது?

பெரும்பாலும் ரோபோவின் அறிவுக்குறைவு அதற்குக் காரணமில்லை. பொருத்த நெடுநேரம் ஆகும், கம்பிகள் சக்கர நாற்காலியில் சிக்கும், கரண்டியைக் கழற்றிக் கழுவ முடியாது, மூட்டு இடுக்கில் குழம்பு போய்க் காயும், சன்னல் வெயிலில் கேமரா தடுமாறும். காலையில் வேலைக்கு ஓடும் பராமரிப்பவர் இரண்டு நாள் முயன்றுவிட்டுப் பழைய கரண்டியை எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உணவு படும் எல்லாப் பகுதிகளும் கருவி எதுவுமின்றிக் கழன்று வந்து, வெந்நீரில் கழுவத் தக்கனவாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

வாஷிங்டன் குழு அண்மையில் தம் கருவியை ஆய்வகத்துக்கு வெளியே, உணவகத்திலும் அலுவலகத்திலும், பிறகு ஒரு பயனரின் வீட்டில் ஐந்து நாள்களும் வைத்துப் பார்த்தது. அந்தப் பயனர் சோதிக்கப்படுபவராக மட்டும் இல்லாமல், ஆய்வாளர்களில் ஒருவராகவே பங்கேற்றார். தவறு நேராத ரோபோவைக் காட்டிலும், தவறு நேர்ந்தால் உண்பவரே சரிசெய்து தொடரக்கூடிய ரோபோவே வீட்டில் நிலைக்கும் என்பது இத்தகைய பணிகளிலிருந்து எனக்குப் புரிந்தது. தவறான துண்டைத் தேர்ந்துவிட்டதா, திரையில் சரியானதைத் தொட்டுக் காட்ட வழி இருக்க வேண்டும். உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கக் கூடாது.

15. நாங்கள் பொறியியல் மாணவர்கள். எங்கிருந்து தொடங்குவது, வெற்றியை எப்படி அளப்பது?

மோட்டார் வாங்குவதற்கு முன், உணவுக்கு உதவி தேவைப்படும் ஒருவரைக் கண்டு, அவர் ஒப்புக்கொண்டால் அவரோடு சில வேளை உணவருந்துங்கள். எந்த இடத்தில் அவர் காத்திருக்கிறார், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறார் என்று கவனியுங்கள். அவரை இறுதியில் சோதனைக்கு அழைப்பதற்குப் பதிலாக முதல் வரைபடத்திலிருந்தே உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு நண்பரை ஊட்டச் சொல்லி உண்டு பார்ப்பது ஓரளவு உதவும், ஆனால் அது அவருடைய அனுபவத்துக்கு மாற்றாகாது.

பத்துத் துண்டில் எத்தனை எடுத்தது என்ற கணக்கு தேவைதான், அதோடு நிறுத்திவிடாதீர்கள். வயிறு நிறைய உண்டாரா, உதவிக்கு எத்தனை முறை கூப்பிட்டார், கழுத்து வலித்ததா, உணவு ஆறிற்றா, மறுநாளும் இதையே கேட்டாரா என்பவற்றையும் குறித்துவையுங்கள்.

16. பேசவும் முடியாது, சைகையும் உறுதியில்லை, போதும் என்று அவரால் தெளிவாகச் சொல்ல இயலாது. அப்படிப்பட்டவருக்கு ரோபோ ஊட்டலாமா?

இருக்கும் கருவிகளைக் கொண்டு பதில் சொல்வதானால், கூடாது. கைதேர்ந்த பராமரிப்பவர் இத்தகையவரின் மறுப்பைப் பல சிறு அடையாளங்களில் படிக்கிறார்: உதடு இறுகுவது, பார்வை விலகுவது, விழுங்காமல் வாயிலேயே வைத்திருப்பது, மூச்சின் ஓசை மாறுவது. வாய் திறந்திருப்பதை மட்டும் பார்க்கும் ரோபோ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும். கொட்டாவிக்கும் வாய் திறக்கும், வலிக்கும் திறக்கும். ஆள் பற்றாக்குறை உள்ள விடுதிகளில் நேரத்தை மிச்சப்படுத்த இக்கருவிகளை இப்படிப் பயன்படுத்தும் ஆசை எழும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் சைகை உறுதியில்லை என்ற முடிவுக்கு வருமுன் ஒன்று செய்யுங்கள். சுவிட்சை ரோபோவோடு இணைக்காமல், விளக்கோடோ அவர் விரும்பும் பாட்டோடோ இணைத்துச் சில வாரம் பழகக் கொடுங்கள். பலகாலம் எதையும் கேட்காமல் வாழ்ந்தவருக்கு, தம் அசைவுக்கு உலகம் பதில் தரும் என்று நம்பிக்கை வரவே நாளாகும். அந்த அசைவு தவறாமல் வரத் தொடங்கிய பிறகு, அதே சுவிட்சைக் கரண்டியை நிறுத்துவதற்கு முதலில் இணைக்க வேண்டும், அழைப்பதற்கு அப்புறம்.